ஒன்பதாவது புத்தகத்தின் நீலப் பேருந்து

அந்தக் கதையை அனிமேயாக எடுத்தவர்கள் என் கையில் கிடைத்தால் நிற்க வைத்துக் கேள்வி கேட்பேன். பதினான்கு புத்தகங்கள் வந்த கதை. நாலாவது புத்தகத்தோடு கடையைக் கட்டிவிட்டுப் போய்விட்டார்கள். காதலைச் சொல்லும் காட்சி வந்தது, பனி கொட்டியது, ஒரு பாட்டைப் போட்டார்கள், முடிந்தது. ஒரே சீசன். மீதிப் பத்துப் புத்தகங்களை யார் எடுப்பார்கள்? புத்தகம் விற்பதற்கான விளம்பரமாகத்தான் அனிமே எடுக்கிறார்கள், விற்பனை சூடு பிடித்தால் நிறுத்திவிடுவார்கள் என்று இணையத்தில் யாரோ விளக்கம் எழுதியிருந்தார். அந்த ஆளையும் சேர்த்துத்தான் திட்டினேன்.

என் கல்யாணம் அந்த நாலாவது புத்தகத்துக்கும் ஒன்பதாவது புத்தகத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. அதனால் எனக்குக் கோபம் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும்.

மங்கா என்பது ஜப்பானில் வரைகிற படக்கதைப் புத்தகம். கறுப்பு வெள்ளையில் இருக்கும். பின்னட்டையில் ஆரம்பித்து முன்னால் வர வேண்டும். அதையே அசையும் படமாக எடுத்தால் அனிமே. இலுப்பூரிலிருந்து புதுக்கோட்டைக்குக் கல்லூரி போய்வந்த நாளில், பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்த அன்றெல்லாம் போனில் இந்தக் கதையைப் படிப்பேன். யாரோ ரசிகர்கள் ஆங்கிலத்தில் மாற்றி இணையத்தில் ஏற்றியிருந்தார்கள். அன்னவாசலில் கூட்டம் ஏறி மேலே விழும். நான் பாட்டுக்கு ஜப்பானில் ஒரு மலையூரில் பனிக்குள் நின்றுகொண்டிருப்பேன்.

கதை பெரிய கதை இல்லை. அந்த ஊரிலிருந்து ரயிலடிக்கு ஒரே ஒரு பஸ். அதை ஓட்டுகிறவன் அதிகம் பேசாதவன். பல் டாக்டரிடம் வேலை பார்க்கிற ஒருத்தி தினமும் கடைசி பஸ்ஸில் வீடு திரும்புவாள். மூன்று புத்தகம் வரைக்கும் இரண்டு பேரும் வானிலையைப் பற்றி மட்டும்தான் பேசுவார்கள். நாலாவதில் முதல் பனி விழுகிற நாள், அவள் சிவப்புக் குடையோடு நிறுத்தத்தில் நிற்பாள். அவன் மஞ்சள் பஸ்ஸை நிறுத்திவிட்டு, வழக்கத்துக்கு மாறாகக் கீழே இறங்கி வந்து கையை நீட்டுவான். அனிமே அங்கே முடிந்துவிட்டது. உலகம் பூராவும் அந்தப் படத்தைப் போன் முகப்பில் வைத்துக்கொண்டார்கள். நானும் வைத்திருந்தேன்.

ஆனால் கதையே அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. ஐந்தாவதில் அவன் வாடகை வீடு பிடித்து அவளிடம் சாவியைக் கொடுக்கிறான். சோற்றுக் குக்கரை யார் கழுவுவது என்று சண்டை போடுகிறார்கள். அந்தச் சண்டை இருபது பக்கம் போகும், எனக்கு மனப்பாடம். ஆறாவதில் அவனுடைய அம்மாவுக்கு மறதி வருகிறது. எட்டாவதில் பஸ் கம்பெனியை விற்றுவிடுகிறார்கள், வாங்கினவன் பஸ்ஸுக்கு நீலம் அடிக்கிறான். ஒன்பதாவதில் அவன் பெரிய ஊரில் வேலை தேடிக்கொண்டு, அவளிடம் சொல்லாமல் கிளம்புகிறான். விஷயம் தெரிந்து அவள் அதே நிறுத்தத்துக்கு ஓடி வருகிறாள். அதே பனி, அதே கம்பம், அதே கோணம். வரைந்த அம்மையார் வேண்டுமென்றே அப்படி வரைந்திருக்கிறார். அவள் கையில் குடை இல்லை. தலையில் பனி கிடக்கிறது. அவன் பஸ் வாசல்படியில் பாதி திரும்பி நிற்கிறான், இறங்கவில்லை. அவள் வீட்டுச் சாவியை அவன் கையில் வைத்துவிட்டு வந்துவிடுகிறாள். பிறகு அவளே ஓட்டப் பழகி, அந்தப் பஸ்ஸுக்கே டிரைவர் ஆகிறாள். கடைசிப் புத்தகத்தில் அவன் திரும்பி வந்து பயணியாக ஏறுகிறான். "உட்காருங்க, வண்டி கெளம்புது" என்கிறாள். அவ்வளவுதான் கதை.

இதை எடுத்திருக்க வேண்டாமா? காதலைச் சொன்னதோடு கதையை முடிக்கிறவர்களை எனக்கு எப்போதுமே பிடிக்காது.

படிப்பு முடிந்து இலுப்பூரில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சராகச் சேர்ந்தேன். வீட்டில் மாப்பிள்ளை பார்த்தார்கள். ஒரு வாத்தியாரை வேண்டாமென்றேன், ஒரு வங்கிக்காரரை வேண்டாமென்றேன். காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது. "ஒனக்கு என்ன, வானத்துலேருந்தா குதிக்கணும்?" என்று அம்மா கத்தும். பிறகு ஆவுடையார்கோவில் பக்கத்திலிருந்து ஒரு வரன் வந்தது. சிங்கப்பூரில் வேலை. லீவில் வந்திருந்தார். பெண் பார்க்க வந்த அன்று, இப்போது எல்லா வீட்டிலும் செய்கிற மாதிரி, கொஞ்ச நேரம் தனியாகப் பேசட்டும் என்று எங்களை மொட்டை மாடிக்கு அனுப்பினார்கள். அங்கே மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. இரண்டு பேரும் மாறி மாறித் தும்மினோம். என் போன் கைப்பிடிச் சுவரில் கிடந்தது. அதில் மஞ்சள் பஸ்.

"இது எனக்கு ரொம்பப் பிடிச்ச கதைங்க" என்றார்.

இந்த ஜில்லாவில் அந்தப் படத்தைப் பார்த்து, குழந்தைகள் பார்க்கிற பொம்மைப் படமா என்று கேட்காத முதல் ஆள். "புத்தகம் படிச்சிருக்கீங்களா?" என்றேன். "இல்லைங்க, அனிமே மட்டுந்தான். என்ன நடக்குதுன்னு சொல்லிடாதீங்க. ரெண்டாவது சீசன் வரட்டும், சேர்ந்தே பாப்போம்" என்றார். கீழே இறங்கி வந்து சரி என்று சொல்லிவிட்டேன். அம்மாவுக்கு நம்பவே முடியவில்லை. "அப்படி என்னதாண்டி பேசுனாரு?" என்று ஒரு வாரம் கேட்டது. நான் சொல்லவில்லை. ஒரு பொம்மைப் பஸ்ஸுக்காகக் கழுத்தை நீட்டினேன் என்று சொன்னால் செருப்பைத்தான் எடுக்கும்.

விஷயம் இதுதான்: அந்த ஒரு பேச்சை நம்பித்தான் நான் சம்மதித்தேன். ஆள் பார்க்கச் சுமார், சம்பளம் எனக்கு முக்கியமில்லை, சொந்தக்காரர்களைப் பார்த்தாலே எனக்குப் பயம். ஆனால் அந்தக் கதையை விரும்புகிற ஆள் மட்டமான ஆளாக இருக்க முடியாது என்று நினைத்தேன். அது பொய் என்றால் அவரிடம் எனக்கென்று வேறு எதுவும் இல்லை.

நிச்சயம் முடிந்து அவர் சிங்கப்பூர் போய்விட்டார். தினமும் போனில் பேசினோம். கதையைப் பற்றி நான் வாய் திறந்தாலே "ஸ்பாய்லர், ஸ்பாய்லர்", கதையை முன்கூட்டியே உடைக்காதே என்று தடுத்துவிடுவார். எனக்கு அது எவ்வளவு இனித்தது தெரியுமா? பத்துப் புத்தகங்களை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு, அவருக்காக வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். ரகசியத்தைக் காப்பாற்றுவதே காதல் என்று நினைத்துக்கொண்டேன். கணக்கு டீச்சர் என்று பேர்தான்.

கல்யாணம் அவர்கள் ஊர்ப் பக்கம். முதல் நாள் மாலை வரவேற்பு. கார் மண்டபத்து வாசலில் நின்றது. இறங்கினேன். நிமிர்ந்து பார்த்தேன்.

வாசலையே அடைத்துக்கொண்டு ஒரு பிளக்ஸ். அவருடைய நண்பர்கள் வைத்தது. கீழ் வரிசையில் அவர்கள் எல்லாரும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கட்டை விரலைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். மேலே பனி கொட்டியது. பஸ் நிறுத்தத்தில் நிற்கிற பெண்ணின் உடம்பில் என் தலை. பஸ் வாசலில் நிற்கிற ஆணின் உடம்பில் அவர் தலை. நடுவில் கொட்டை எழுத்தில், "இரண்டாவது சீசன் ஆரம்பம்!"

எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள், நான் பூரித்துப் போவேன் என்று. பூரித்துத்தான் போனேன், ஒரு நொடி. பிறகு குடையைத் தேடினேன். குடை இல்லை. என் தலையில், ஒட்டவைத்த மல்லிகைப் பூவுக்கு மேலே, பனி கிடந்தது. பஸ் நீலமாக இருந்தது. அவர் உடம்பு உள்ளே பார்த்துத் திரும்பியிருந்தது. முகம் மட்டும் போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டு என் பக்கம் இருந்தது. திருகிப் போட்ட கோழிக் கழுத்து மாதிரி. என் வலது கை முன்னால் நீண்டிருந்தது, கைக்குள் என்ன இருக்கிறது என்று படத்தில் தெரியவில்லை. எனக்குத் தெரியும். சாவி.

ஒன்பதாவது புத்தகம்.

தெரியாமல் எடுத்துவிட்டார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளவும் வழியில்லை. மங்கா கறுப்பு வெள்ளை. யாரோ உட்கார்ந்து, வரி வரியாக, அந்தப் பக்கத்துக்கு வண்ணம் தீட்டியிருக்கிறார்கள். ஒன்பதாவது புத்தகத்தின் அட்டையில் இருக்கிற அதே நீலம். படித்த ஒருவர்தான் செய்திருக்க முடியும். படித்த ஒருவர் வேண்டுமென்றுதான் செய்திருக்க முடியும்.

மேடையில் நின்றோம். பரிசு கொடுக்கிறவர்களுக்கு நடுவில் அவர் காதருகே கேட்டேன், "அந்தப் படத்தை யாரு செஞ்சா?"

"பசங்க புதுக்கோட்டையில ஏதோ கடையில குடுத்து அடிச்சாங்க. எப்படி? அதே கடைசி சீன்தானே?"

"அதே சீனா?"

"அதே சீன்தான்" என்றார். புகைப்படக்காரர் இந்தப் பக்கம் பார்க்கச் சொன்னார், பார்த்தோம்.

பஸ் மஞ்சள் என்று அனிமே பார்த்த குழந்தை கூடச் சொல்லும். மஞ்சள் பஸ்ஸும் சிவப்புக் குடையும் தவிர அந்தக் கடைசிக் காட்சியில் வேறு நிறமே கிடையாது. நீல பஸ்ஸைப் பார்த்து அதே சீன் என்கிறார். பதட்டத்தில் கவனித்திருக்க மாட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எதையாவது சொல்லிக்கொள்ளத்தானே வேண்டும்? வருகிறவர்கள் எல்லாரும் பிளக்ஸைப் புகழ்ந்தார்கள். "நீலக் கலரு எடுப்பா இருக்கு" என்றார் அவருடைய தாய்மாமா. கால் கடுக்க நின்று சிரித்தேன். என்னைக் கேலி செய்கிற ஒரு படத்துக்குக் கீழே நின்று, அதைப் புரிந்துகொள்ளக்கூடிய ஒரே ஆளாகச் சிரிப்பது எவ்வளவு கொடுமை என்று சொல்லி அழக்கூட அங்கே ஆளில்லை.

மறுநாள் காலையில் தாலி கட்டினார். வேறு என்ன செய்திருக்க வேண்டும் என்கிறீர்கள்? "அப்பா, கல்யாணத்தை நிறுத்துங்க, பிளக்ஸுல ஒம்போதாவது புத்தகம் இருக்கு" என்றா? அப்பா என்னை நேராக மந்திரிக்கக் கூட்டிப் போயிருப்பார்.

அவர் வீட்டில் மாடியில் புது அறை கட்டியிருந்தார்கள். விளக்கேற்றி முடித்ததும் அத்தை, அதாவது மாமியார், ஒரு சாவியை என் கையில் கொடுத்தது. "மாடி ரூமு இனிமே ஒன்னோடதுத்தா. சாவி ஒங்கிட்டயே இருக்கட்டும்." அதைச் சேலை முந்தியில் முடிந்துகொண்டேன். பிளக்ஸையும் வீணாக்கவில்லை. கழற்றிக் கொண்டுவந்து வைக்கோல் போரின் மேல் போர்த்தினார்கள். மாடி ஜன்னலைத் திறந்தால் நான் பனியில் நின்றுகொண்டிருப்பேன், ஒரு செம்மறி ஆடு என் காலைத் தின்ன முயற்சி செய்துகொண்டிருக்கும்.

பிளக்ஸ் கடைக்காரர்கள் எல்லா பிளக்ஸிலும் ஓரத்தில் தங்கள் கடைப் பெயரைப் போட்டுவிடுவார்கள். கல்யாண விருந்துகள் ஓய்ந்த பிறகு, தைக்கக் கொடுத்த ரவிக்கையை வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறினேன். அவர் சிங்கப்பூர் திரும்ப இன்னும் சில நாட்கள்தான் இருந்தன. அதற்குள் எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

கடை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. முன்னறையில் பிரிண்டர் ஓடிக்கொண்டிருந்தது, மை வாடை மூக்கைப் பிடுங்கியது. உள்ளறையில் என் வயதுப் பெண் ஒருத்தி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். கண்ணீர் அஞ்சலி பிளக்ஸ் ஒன்று செய்துகொண்டிருந்தாள். போட்டோவில் இறந்துபோன பெரியவரின் சட்டையில் மேல் பட்டன் திறந்திருந்தது. அதை மூடிக்கொண்டிருந்தாள்.

"என்ன சைஸுங்க வேணும்?" என்றாள், திரும்பாமல்.

"பஸ்ஸுக்கு ஏன் நீலம் அடிச்சீங்க?" என்றேன்.

அவள் கையில் மவுஸ் நின்றது. "எட்டாவதுல கம்பெனி கைமாறுதுல்ல" என்றாள் மெதுவாக. அதற்குப் பிறகுதான் திரும்பினாள். பார்த்தவுடன் நான் யார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. என் கன்னத்துப் பருக்களை அழித்தவளே அவள்தான்.

சண்டை போடத்தான் போயிருந்தேன். வழியெல்லாம் வசனம் தயார் செய்திருந்தேன். ஆனால் நடந்தது வேறு. "குக்கர் சண்டை பிடிக்குமா?" என்று அவள் கேட்டாள். அவ்வளவுதான், நாங்கள் இரண்டு பேரும் பேச ஆரம்பித்துவிட்டோம். ஆறாவது புத்தகத்தில் மறதி வந்த அம்மா மருமகளைத் தன் பள்ளித் தோழி என்று நினைத்துப் பேசும் இடம், அவள் ஓட்டுநர் தேர்வில் தோற்று ரயிலடியில் மீன் தின்னும் இடம். ஒருத்தி பாதி சொன்னால் மற்றவள் மீதியைச் சொன்னாள். "இதையெல்லாம் எடுக்காம விட்டானுங்க பாருங்க" என்று அவள் மேசையைத் தட்டினாள். அத்தனை வருடம் நான் தேடிய ஆள் அவள்தான். அந்த மை வாடைக்குள் உட்கார்ந்து வாய் ஓயாமல் பேசினேன், சிரித்தேன். கல்யாணத்துக்குப் பிறகு அன்றுதான் நிஜமாகச் சிரித்தேன்.

பிறகு அவள் சொன்னாள். "என்னையவும் பொண்ணு பாத்துட்டுப் போனாருங்க ஒங்க வீட்டுக்காரரு. ஒங்களப் பாக்க வந்ததுக்கு முந்தின லீவுல."

கைப்பையை மடிக்கு இழுத்து வைத்துக்கொண்டேன்.

"மொட்டை மாடிக்கு அனுப்புனாங்க. என் போன்லயும் அந்த மஞ்ச பஸ்தான். எனக்கு ரொம்பப் பிடிச்ச கதைன்னாரு. ரெண்டாவது சீசன் வரட்டும், சேர்ந்தே பாப்போம்னாரு. பூ வச்சு உறுதி பண்ணுனாங்க. ஆறு மாசம் போன்ல பேசுனாரு. திடீர்னு எடுக்கறதில்ல. பொண்ணு பிளக்ஸ் கடையில ஆம்பளைங்க கூட வேல பாக்குதுன்னு தரகருகிட்டச் சொல்லிவிட்டாங்க. பொண்ணு பாக்க வாரப்பவே நான் இங்கதான வேல பாத்தேன்?"

"ஒரே கதை ரெண்டு பேருக்கும் பிடிக்கறது தப்பா?" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. வக்கீல் மாதிரி இருந்தது.

அவள் சிரித்தாள். "எங்க தெருவுல இன்னொரு புள்ளையையும் பாத்தாங்க. அவ ஸ்டேட்டஸ் பூரா நாய்க்குட்டி. அவகிட்ட நாய்க்குட்டின்னா உசுருன்னிருக்காரு. அவரு தங்கச்சிதாங்க மொதல்ல நம்பரை வாங்கி ஸ்டேட்டஸைப் பாக்கும். அதுல இருக்கறத அண்ணன்காரருக்குச் சொல்லும். அவரு வந்து ஒப்பிப்பாரு."

பெண் பார்க்க வருவதற்கு முந்தின வாரம், மாப்பிள்ளை வீட்டு நம்பர் என்று அம்மா ஏற்றிக்கொள்ளச் சொன்ன ஒரு நம்பர், பஸ்ஸும் பனியுமாக நான் போட்டிருந்த ஸ்டேட்டஸ்களை வரிசையாகப் பார்த்தது எனக்கு நினைவு வந்தது. நாத்தனார் நம்பர் என்று பின்னால்தான் தெரியும். ஆசையில் பார்த்திருக்கிறார்கள் என்று அப்போது எடுத்துக்கொண்டேன்.

"ஒங்க கல்யாணத்துக்கு ஆர்டர் வந்தப்ப நான் சாதாரணமாத்தான் செய்யலாம்னு இருந்தேன்" என்றாள் அவள். "வயித்தெரிச்சல் இருந்துச்சு, இல்லேங்கல. ஆனா வேலன்னா வேல. அப்புறம் பசங்க அந்த வரியை அனுப்பிப் பெரிய எழுத்துல போடச் சொன்னாங்க. ரெண்டாவது சீசன் ஆரம்பம். அதே வார்த்தை. எனக்குச் சொன்ன வார்த்தையக் கூட மாத்தல பாருங்க. அதான் ஒம்போதாவதை எடுத்தேன்."

"ஒரு போன் பண்ணிச் சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நம்பியிருப்பீங்களா? கழட்டிவிட்டவ பொறாமையில பேசுறான்னு சொல்லியிருப்பீங்க."

சொல்லியிருப்பேன். சந்தேகமே இல்லை.

"படிக்காத பொண்ணா இருந்தா அது வெறும் பஸ்ஸு படம், பொழச்சுப் போகட்டும்னு நெனச்சேன். படிச்ச பொண்ணா இருந்தாப் புரியும், கல்யாணம் நிக்கும்." அவள் என்னையே பார்த்தாள். "ஒங்களுக்கு எப்பப் புரிஞ்சுச்சு?"

"கார்லேருந்து எறங்குனதும்."

"தாலி கட்டுறதுக்கு முன்னாடியேவா?"

"மொத நாளு சாயங்காலம்."

அவள் பார்வை என் கழுத்துக்குப் போனது. புதுத் தாலிக்கயிற்றில் மஞ்சள் இன்னும் பளிச்சென்று இருந்தது. "அப்புறம் என்னத்துக்கு இங்கிட்டு வந்தீங்க?" என்றாள்.

தாலிக்கயிற்றைச் சேலைக்குள் தள்ளிக்கொண்டேன்.

"இந்தப் பெரியவரை எடுக்கறதுக்குள்ள பிளக்ஸைக் கட்டணும். ஆளு வந்துருவாங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டாள். "இனிமே வராதீங்க. பேசுனா நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒங்க மொகத்தைப் பாத்தா அவரு மொகம் ஞாபகம் வருது. ரெண்டையும் ஒரே நாள்ல வெட்டி ஒட்டுனேன்."

வெளியே வந்தேன். பட்டப்பகலில், சந்து முனையில் நின்று அழுதேன். அவர் ஏமாற்றியதற்கு அல்ல. எனக்குப் பிடித்த கதையை என்னைப் போலவே படித்த ஒரே ஒருத்தி எனக்கு மட்டும் விளங்குகிற பாஷையில் எச்சரித்திருக்கிறாள். எழுத்து எழுத்தாகப் புரிந்துகொண்டு, ஊர் என்ன சொல்லும் என்று பயந்து, நான் போய் மணவறையில் உட்கார்ந்திருக்கிறேன். அவள் மேலும் ஆத்திரம் வந்தது. என் தலையில் பனியைக் கொட்டி ஊருக்கே காட்டினாளே என்று. ரவிக்கையை வாங்க மறந்துவிட்டேன்.

இருந்தாலும் மனசு விடுகிறதா? அவள் சொன்னதை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது என்று தோன்றியது. ஒரு வேளை அனிமேயைப் பார்த்திருக்கலாம். ஒரு வேளை அவளிடம் ஒப்பித்ததற்குப் பிறகாவது பார்த்திருக்கலாம். அவர் கிளம்புகிற நாள் காலையில், மாடி அறையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். ஊறுகாய் பாட்டில்களைத் துண்டில் சுற்றிச் சுற்றி வைத்தார். நான் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, "கதையில அதுக்கப்புறம் என்ன நடக்குதுன்னு சொல்லவா?" என்றேன்.

ஸ்பாய்லர் என்று அலறுவார் என்று எதிர்பார்த்தேன். அலற வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். "சொல்லு" என்றார், பெட்டியைப் பார்த்துக்கொண்டே.

சொன்னேன். ஐந்தாவது புத்தகத்தில் ஆரம்பித்தேன். வாடகை வீட்டைச் சொன்னேன், சாவியைச் சொன்னேன், குக்கர் சண்டையைச் சொன்னேன், அம்மாவின் மறதியைச் சொன்னேன். பஸ்ஸுக்கு நீலம் அடித்ததை நிறுத்தி, அழுத்திச் சொன்னேன். "ம்" என்றார். அவன் சொல்லாமல் கிளம்பியதை, அவள் குடையில்லாமல் ஓடி வந்ததைச் சொன்னேன். ஜன்னல் வழியாக வைக்கோல் போரின் மேல் அந்தப் படம் தெரிந்தது. "அந்தா, அதுதான் அந்த எடம்" என்று கையை நீட்டிக் காட்டினேன். எட்டிப் பார்த்துவிட்டு, "ஆமா, நல்லா அடிச்சிருந்தாங்க" என்றார். பதினான்காவது புத்தகம் வரை விடாமல் சொன்னேன். அவள் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, "உட்காருங்க, வண்டி கெளம்புது" என்று சொல்வதையும் சொன்னேன். அவர் பெட்டியின் மேல் முழங்காலை வைத்து அழுத்தி ஜிப்பை இழுத்தார்.

"சூப்பர்" என்றார். "ரெண்டாவது சீசன் வரட்டும், சேர்ந்தே பாப்போம்."

கேலிக்குச் சொன்னாரா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. அன்பாகத்தான் சொன்னார். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. என்னிடம் இருந்த கதை முழுவதையும் கொட்டிவிட்டேன். கொட்டிய சத்தம் கூட அவருக்குக் கேட்கவில்லை. அவர் கெட்டவர் என்று கூடச் சொல்ல மாட்டேன். என்னைக் கட்டிக்கொள்ள எது தேவையோ அதைக் கற்றுக்கொண்டு வந்தார், வேலை முடிந்ததும் கற்றுக்கொண்டதை மறந்துவிட்டார். பரீட்சை முடிந்த மறுநாள் என் பள்ளிப் பிள்ளைகளும் இப்படித்தான் இருப்பார்கள்.

மதியம் வேன் வைத்துத் திருச்சி விமான நிலையத்துக்குப் போனோம். அவர், நான், அத்தை. வழி முழுக்க அத்தை அழுதுகொண்டே வந்தது. அவர் போனில் ஏதோ பார்த்துக்கொண்டு வந்தார். இறங்கும்போது தூறல் போட்டது. வேனில் ஒரு குடை கிடந்தது. நான் எடுக்கவில்லை. பெட்டியைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு, அத்தை காலில் விழுந்து எழுந்து, என்னிடம் வந்தார். உடம்பு அதற்குள் கண்ணாடிக் கதவைப் பார்த்துத் திரும்பியிருந்தது. முகம் மட்டும் என் பக்கம் சிரித்தது.

முந்தி முடிச்சை அவிழ்த்தேன். மாடி அறைச் சாவியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்து, விரல்களை நானே மடக்கிவிட்டேன்.

"என்ன சாவி இது?" என்றார்.

"ரெண்டாவது சீசன்ல தெரியும்" என்றேன்.

சிரித்தார். நல்ல ஜோக் என்று நினைத்திருக்க வேண்டும். கதவுக்கு உள்ளே போய்த் திரும்பி, அவருடைய நண்பர்கள் பிளக்ஸில் காட்டிய மாதிரியே, கட்டை விரலைக் காட்டினார்.

திரும்பி வரும்போது புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டு பக்கம் வண்டியை நிறுத்தச் சொன்னேன். "எங்கத்தா எறங்குற?" என்று அத்தை பதறியது. "எங்க வீட்டுக்குப் போறேன் அத்தே. மாடி ரூமு சாவி அவருகிட்ட இருக்கு, பத்திரமா இருக்கு" என்றேன். கைப்பையில் ஒன்பதாவது புத்தகம் மட்டும் இருந்தது, முதல் சம்பளத்தில் வாங்கியது. அந்தச் சந்து வழியாகத்தான் நடந்தேன். கடைக்குள் பிரிண்டர் சத்தம் கேட்டது. வராதீங்க என்று சொல்லியிருந்ததால் உள்ளே போகவில்லை. இலுப்பூர் பஸ் கிளம்பத் தயாராக நின்றது. தலை நனைந்திருந்தது. ஏறி, ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தேன்.